கையிலிருப்பது அமானத்: அரசு ஆவணங்களும் குடிமக்களின் அறியும் உரிமையும்

ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களுள் அரபுக் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பாடநூலாக விளங்கி வருவது 'அல்ஹிதாயா'. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் அல்மர்கீனானி (ரஹ்) அதனை இயற்றினார். அந்நூலில் நீதிபதியின் ஒழுங்குகளை விவரிக்கும் பகுதியில், மாணவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்ற சட்டம் ஒன்று உண்டு. புதிதாகப் பொறுப்பேற்கும் காழி, தமக்கு முன்பிருந்தவரின் 'தீவானை'க் கேட்டுப் பெற வேண்டும் என்பதே அது. தீவான் என்பது தீர்ப்பேடுகளும் பிற பதிவுகளும் அடங்கிய பைகள். அவற்றைப் பெற்றுவர நம்பிக்கைக்குரிய இருவர் அனுப்பப்படுவர். பதவி நீங்கியவரின் முன்னிலையிலோ அவருடைய பிரதிநிதியின் முன்னிலையிலோ அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்று, புதியவருக்குக் குழப்பம் நேராதவாறு ஒவ்வொரு வகையையும் தனித்தனிப் பையில் இட்டு ஒப்படைப்பர்.

இதனையடுத்து இமாம் அவர்கள் ஒரு நுட்பமான வினாவை எடுத்துக்கொள்கிறார். அந்த ஏடுகள் யாருடைய பணத்தில் வாங்கப்பட்டவை? பைத்துல்மாலின் பணம் என்றால் ஐயத்திற்கு இடமில்லை. வழக்காடியவர்களின் பணமாக இருந்தால்? பதவி நீங்கிய காழியே தம் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால்? அப்போதும் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பதே சரியான கருத்து என்று அவர் முடிவு கூறுகிறார். வழக்காடியவர்கள் அவ்வேடுகளை அவரிடம் வைத்தது அவர் வகித்த பணியின் பொருட்டு. அப்பணியோ இப்போது வேறொருவரிடம் சென்றுவிட்டது. காழி தம் பணத்தில் வாங்கியதும் மார்க்கக் கடமை என்ற எண்ணத்தினால்தான். சொத்துச் சேர்க்கும் நோக்கத்தினால் அன்று என்பது அவர் காட்டும் காரணம். இவ்வாறு தீவானைப் பெற்ற புதிய காழி, அடுத்துச் சிறையிலிருப்போரின் நிலையை ஆராய வேண்டும் என்று நூல் தொடர்கிறது.

மாணவப் பருவத்தில் இப்பகுதியை ஓதியபோது அதனை அலுவல் நடைமுறை என்ற அளவிலேயே நான் எண்ணியிருந்தேன். பல ஆண்டுகள் பாடம் நடத்திய பின்னரே அதன் ஆழம் புலனாயிற்று. காகிதத்திற்குச் சொந்தப் பணம் கொடுத்தவர்கூட அக்காகிதத்திற்கு உரிமையாளர் ஆகமாட்டார். அதில் எழுதப்பட்டிருப்பது பிறருடைய உரிமை என்பதால், அது அவர் கையில் அமானத்தாகவே இருக்கிறது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிற்பதும் இந்த அடிப்படையின் மீதுதான்.

ஈண்டு ஒரு விளக்கம் தேவை. குடிமகன் எவரும் அரசுப் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெறலாம் என்ற பொதுச் சட்டத்தை ஹிதாயாவில் நாம் தேட முடியாது. அந்நூல் பேசுவது நீதிமன்றப் பதிவுகளைப் பற்றி. காழியிடமிருந்து காழிக்குச் செல்லும் ஒப்படைப்பைப் பற்றி. ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜு'த் தாலிபீன்' நூலில் இமாம் நவவி (ரஹ்) மேலும் ஒரு படி செல்கிறார். வழக்காடியவர் தம் வழக்கின் நடவடிக்கையை அல்லது தீர்ப்பை எழுதித் தருமாறு கேட்டால் அதற்கு இணங்குவது முஸ்தஹப்பு, அதாவது விரும்பத்தக்கது என்றும், அது கடமையே என்ற கருத்தும் உண்டு என்றும் கூறுகிறார். இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைக் கேட்டவரிடம் தந்து மற்றொன்றைத் தீவானில் பாதுகாப்பது நல்லது என்பதும் அவர் கூற்று. விரும்பத்தக்கதா, கடமையா என்று ஃபுகஹாக்கள் ஆராய்ந்த ஒன்றை, எல்லாத் துறைகளுக்கும் விரித்து, கால வரையறையுடனும் தண்டத்துடனும் கடமையாக்கியிருப்பதே இன்றைய சட்டத்தின் சிறப்பு.

எழுதுதலும் மறைக்காமையும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகும். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது சிந்திக்கத்தக்கது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது. எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது. எழுதி வைப்பதே நீதிக்கு ஏற்றது, சாட்சியத்திற்கு உறுதியானது, ஐயத்தை நீக்குவது என்று அவ்வசனம் விளக்குகிறது. அடுத்த வசனம் சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என எச்சரிக்கிறது. இருவருக்கிடையிலான கடனுக்கே இத்துணை வற்புறுத்தல் என்றால், கோடிக்கணக்கான மக்களின் பணத்தையும் நிலத்தையும் பற்றிய பதிவுக்கு எத்துணை வற்புறுத்தல் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடுவது அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம். மக்கா வெற்றியின்போது கஅபாவின் திறவுகோல் உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பித் தரப்பட்ட நிகழ்ச்சியோடு விரிவுரையாளர்கள் இவ்வசனத்தை இணைத்துக் கூறுவர். எனினும் இதன் கட்டளை பொதுவானது; ஆட்சிப் பொறுப்பில் இருப்போர் அனைவரையும் உள்ளடக்கியது.

ஸஹீஹ் முஸ்லிமில் அதீ இப்னு அமீரா அல்கிந்தீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. பொதுப்பணியில் அமர்த்தப்பட்ட ஒருவர் ஓர் ஊசியையோ அதனினும் மேலானதையோ மறைத்தால் அது மோசடியாகும் என்றும், மறுமையில் அதனோடு அவர் வருவார் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதனைக் கேட்ட அன்சாரித் தோழர் ஒருவர் அஞ்சி எழுந்து, தம்மை அப்பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு வேண்டிக்கொண்டார். இந்த ஹதீஸில் ஆளப்பட்டுள்ள சொல் 'கத்ம்' என்னும் மறைத்தலைக் குறிப்பது. எடுத்துக்கொள்வதைப் போலவே மறைத்தலும் குற்றத்தின் பெயரால் சுட்டப்படுகிறது.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா, திரும்பி வந்து ஒரு பகுதியைப் பொதுநிதிக்குரியது என்றும் மற்றொரு பகுதியைத் தமக்கு வழங்கப்பட்ட அன்பளிப்பு என்றும் பிரித்துக் காட்டிய நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என வினவினார்கள். பின்னர் மக்கள் முன் எழுந்து அதே பொருளை உரையாகவும் ஆற்றினார்கள். கணக்கு அறைக்குள் முடிந்துவிடாமல் மக்களின் காதுக்கும் சென்றது.

உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களுடைய செல்வத்தை எழுதி வைத்துக்கொண்டார்கள் என இப்னு ஸஅத் (ரஹ்) குறிப்பிடுகிறார். உமர் (ரலி) அணிந்திருந்த ஆடைக்கு ஒருவர் பங்குத் துணி போதாதே என மக்களிடையே கேள்வி எழுந்த நிகழ்ச்சி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. கேட்டவரின் துணிவையே நாம் பெரிதும் பாராட்டுகிறோம். விடை தரப்பட்ட முறையும் அதே அளவு கவனிக்கத்தக்கது. கேட்டவரின் நோக்கத்தைக் கலீஃபா ஆராயவில்லை. தம் பங்கைத் தந்தைக்கு அளித்த மகன் அப்துல்லாஹ்வை எழுந்து சான்று கூறச் செய்தார்கள்.

இரகசியம் என்னும் ஆட்சி மரபு

ஆவணம் மக்களுக்குரியது என்ற கருத்து, சட்டமாக எழுதப்பட்ட இடங்களுள் முதன்மையானது சுவீடன். 1766இல் அந்நாடு இயற்றிய அச்சுச் சுதந்திரச் சட்டம், அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்வையிடும் உரிமையை உறுதி செய்தது. நம் நாட்டிலோ ஆங்கிலேயர் விட்டுச் சென்றது இதற்கு நேர்மாறான மரபு. 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம், ஆளப்படுவோரை ஐயத்துடன் நோக்கிய அந்நிய அரசின் தேவைக்காகப் பிறந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அச்சட்டமும் அதனால் வளர்ந்த மனப்பான்மையும் நிலைத்துவிட்டன. கோப்பைக் காட்டாதிருப்பதே பணியாளரின் இயல்பான கடமை என்றும், காட்டுவது அவருடைய தயவு என்றும் கருதப்பட்டது.

இந்த மனப்பான்மைக்கு உச்ச நீதிமன்றம் அளித்த தொடக்ககால மறுப்புகளுள் ஒன்று 1975இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் இடையிலான வழக்கில் வந்தது. பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீல நூல்' என்ற ஆவணத்தைப் பற்றிய வழக்கு அது. ஆட்சியாளர் அனைவரும் தம் செயல்களுக்குப் பொறுப்பேற்க வேண்டிய மக்களாட்சியில் இரகசியங்கள் மிகச் சிலவாகவே இருக்க முடியும் என்றும், பொது ஊழியர்கள் பொதுநிலையில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்றும் நீதிபதி கே.கே. மாத்யூ கருத்துரைத்தார். அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையில் அறியும் உரிமையும் அடங்கும் என்ற கோட்பாடு இவ்வழியில் வலுப்பெற்றது. 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இரத்து செய்தபோதும், வாக்காளரின் அறியும் உரிமையையே அடிப்படையாகக் கொண்டது.

எனினும் இவ்வுரிமையைச் சட்டமாக்கிய பெருமை ராஜஸ்தானின் ஏழைத் தொழிலாளர்களுக்கே உரியது. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் முதலியோர் கிராம மக்களுடன் சேர்ந்து 1990இல் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். அரசின் நிவாரணப் பணிகளில் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. காரணம் கேட்டால், வேலை செய்யவில்லை என்று பதிவேடு கூறுகிறது என்பதே விடை. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு இரகசியம் என்றனர். தம் உழைப்பைப் பற்றிய பதிவைத் தாமே பார்க்க முடியாத நிலையில், பசிக்கும் பதிவேட்டுக்கும் உள்ள தொடர்பை எழுத்தறியாத அம்மக்கள் நன்கு உணர்ந்தனர். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கிடைத்த பதிவுகள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. பெயர் இடம்பெற்றவர்களே எழுந்து உண்மை கூறினர். 1996இல் பியாவரில் நாற்பது நாட்கள் தர்ணா நடைபெற்றது. எங்கள் பணத்திற்கு எங்களிடம் கணக்கு வேண்டும் என்பதே அவர்கள் முழக்கத்தின் சாரம்.

1997இல் தமிழ்நாடு இத்துறையில் நாட்டிலேயே முதலாவதாகச் சட்டம் இயற்றியது. ஆயின் அதில் விலக்குகள் மிகுதியாக இருந்தமையால் பெரும்பயன் விளையவில்லை. நாடாளுமன்றம் 2002இல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. பின்னர் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. இரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் தானே மேலோங்கும் என்று இச்சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டம் செயற்படும் முறை

இச்சட்டத்தின்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் பொதுத் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுதலாம். ஆகவே தமிழ்நாட்டில் தமிழே போதுமானது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதனை எழுத்தில் வடிக்க உதவுவதும் அலுவலரின் கடமை. தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய். அதனை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டியும் செலுத்தலாம். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர் என்று வினவும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை. 6(2) பிரிவு இதனைத் தெளிவாகத் தடுக்கிறது. கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், ஐந்து நாட்களுக்குள் விண்ணப்பத்தை அங்கே மாற்றி அனுப்ப வேண்டும்.

விடை தரும் கெடு 30 நாட்கள். உயிரையோ தனிமனித விடுதலையையோ பற்றிய தகவலாயின் 48 மணி நேரம். தீவானைப் பெற்ற காழி சிறைப்பட்டோரின் நிலையை உடன் ஆராய வேண்டும் என்ற ஹிதாயாவின் வரிசைமுறையை இது எனக்கு நினைவூட்டுகிறது. விடை வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் பின்னரும் குறை நீங்காவிடில் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தகவலை மறுத்தது நியாயம் என மெய்ப்பிக்கும் சுமை அலுவலரையே சாரும். காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மிகாமல் அவர்மீது தண்டம் விதிக்கப்படலாம்.

மக்கள் கேட்கும் முன்னரே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றை 4ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, எளிதில் எடுக்கத்தக்கவாறு பேண வேண்டும் என்பது அதன் முதல் விதி. ஒவ்வொரு வகையையும் தனிப்பையில் இடச் சொன்ன நம் இமாம்களுக்கு இவ்விதி புதுமையாகத் தோன்றியிராது.

விண்ணப்பிப்போர் செய்யும் பொதுவான பிழை ஒன்றுண்டு. இச்சட்டம் இருக்கின்ற பதிவைத் தருமே தவிர, இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் மாணவர் விடைத்தாள் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே, "எங்கள் பள்ளிவாசல் நிலத்தை ஏன் புறம்போக்கு ஆக்கினீர்கள்?" என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. "இன்ன ஊரில் இன்ன புல எண்ணின் வகைப்பாட்டை மாற்றிய உத்தரவின் நகலும், அது தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகலும் தேவை" என்று கேட்டால், 'ஏன்' என்பதற்கான விடை அந்த நகலிலேயே கிடைத்துவிடும். உரிமை குடிமகனுக்குரியது என்பதால், விண்ணப்பத்தை ஜமாஅத்தின் பெயரில் எழுதாமல் நிர்வாகிகளுள் ஒருவர் தம் பெயரில் எழுதுவதே பாதுகாப்பானது.

மறைக்கத்தக்கவை எவை?

எல்லாவற்றையும் வெளிப்படுத்துவதே நீதி என்று இஸ்லாம் கூறவில்லை. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது ஹதீஸின் கருத்து. ஆட்சிக்கும் தக்க இரகசியம் உண்டு. ஹிஜ்ரி 8இல் மக்காவை நோக்கிய பயணம் மறைவாக வைக்கப்பட்டிருந்தது; அதனைக் குறைஷியருக்குத் தெரிவிக்க ஹாத்திப் இப்னு அபீ பல்த்தஆ (ரலி) எழுதிய மடல் வழியிலேயே கைப்பற்றப்பட்டது. நயவஞ்சகர்களின் பெயர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் மட்டுமே கூறப்பட்டிருந்தன.

இந்த நிகழ்ச்சிகளையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு வரையறை தெளிவாகும். தனிமனிதரின் அந்தரங்கமும் நாட்டின் பாதுகாப்பும் மறைக்கத்தக்கவை. பொதுப்பொறுப்பில் இருப்பவர் அப்பொறுப்பின் வழியே பெற்றதும் செய்ததும் மறைக்கத்தக்கவை அல்ல. இப்னுல் லுத்பிய்யாவிடம் கேட்கப்பட்டது அவருடைய குடும்ப வாழ்வைப் பற்றியன்று. பதவியின் பேரில் வந்த அன்பளிப்பைப் பற்றித்தான்.

2005ஆம் ஆண்டின் சட்டத்திலும் இத்தகைய வரையறை இருந்தது. 8ஆம் பிரிவு நாட்டின் பாதுகாப்பு, புலனாய்வு, வணிக இரகசியம் முதலியவற்றுக்கு விலக்களித்தது. தனிப்பட்ட தகவலைப் பற்றிய 8(1)(j) பிரிவை 'தனிநபர் தகவல் விதி' என்றே இங்குக் குறிப்பிடுவோம்: பொதுப்பணியோடு தொடர்பற்ற, அந்தரங்கத்தில் அத்துமீறும் தகவலை மட்டுமே அவ்விதி தடுத்தது, பொதுநலம் மேலோங்கினால் அதனையும் தரலாம் என்றது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விதியைச் சுருக்கி, தனிநபரைப் பற்றிய தகவல் என்றாலே விலக்கு உண்டு என்று மாற்றிவிட்டது. 2025 நவம்பரில் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பொதுநலனுக்காகத் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு எஞ்சியிருப்பினும், ஓர் அதிகாரியின் பெயர் இடம்பெறும் எந்த ஆவணத்தையும் மறுக்க எளிய காரணம் கிடைத்துவிட்டது என்ற அச்சம் நியாயமானதே. 2019ஆம் ஆண்டின் திருத்தமும், ஐந்தாண்டு என உறுதியாக இருந்த தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தை மத்திய அரசு வகுக்கும் விதிக்கு உட்படுத்தியது. கேட்பவரை நோக்கி அச்சுறுத்தல்களும் எழாமல் இல்லை. கிர் வனப்பகுதியின் சட்டவிரோதச் சுரங்கங்களை வெளிப்படுத்திய அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்தின் அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

வக்ஃபும் அரசு ஆவணங்களும்

இந்த உரிமை தமிழ் முஸ்லிம்களுக்கு இன்று எத்துணை இன்றியமையாதது என்பதை வக்ஃபுச் சொத்துகளின் நிலையைக் கொண்டு உணரலாம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஒரு சொத்து வக்ஃபு ஆகும் என்ற விதியை எதிர்காலத்திற்கு நீக்கியது. பதிவு செய்யப்பட்டவற்றின் விவரங்களையும் ஆறு மாதங்களுக்குள் 'உமீத்' என்ற மத்திய இணையப் பதிவகத்தில் ஏற்றுமாறு பணித்தது. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. பதிவுக் கட்டாயத்தை நிறுத்தவில்லை. அச்சட்டத்தின் நியாய அநியாயங்கள் தனி ஆய்வுக்குரியவை. ஆவணமின்றி ஒரு வக்ஃபைக் காப்பது இனிக் கடினம் என்பது மட்டும் உறுதி.

அந்த ஆவணங்களோ பெரும்பாலும் அரசின் கையில்தான் உள்ளன. ஆற்காட்டு நவாபுகள், சேதுபதிகள், தஞ்சை மராத்தியர் முதலிய ஆட்சியாளர் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் அளித்த மானியங்கள் பல. சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் 1860களில் இவற்றை ஆராய்ந்து, யாருக்கு, எப்பணிக்கு, எவ்வளவு நிலம் என்பதை 'ஐ.எஃப்.ஆர்.' எனப்படும் இனாம் பதிவேட்டில் குறித்து, உரிமைப் பட்டயங்களையும் வழங்கியது. 1963இல் சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரிப் பட்டாவாக மாற்றும் சட்டம் வந்தது. 1980களில் 'யு.டி.ஆர்.' நில ஆவண மேம்பாட்டுப் பணியில் புல எண்களும் பெயர்களும் மாறின. 1954ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டப்படி ஆய்வு நடத்தப்பட்டு, வக்ஃபுகளின் பட்டியல் அரசிதழில் வெளியிடப்பட்டது. இவ்வொவ்வொரு கட்டத்திலும் ஒரு காகிதம் பிறந்திருக்கிறது. தவறு நேர்ந்திருந்தால் அதுவும் அக்காகிதத்தில்தான் பதிவாகியிருக்கிறது.

ஆகவே இனாம் பதிவேட்டின் நகல், பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியல், 'அ' பதிவேடு, அரசிதழ் அறிவிப்பு, பட்டா மாறுதல் உத்தரவு, வக்ஃபு வாரியப் பதிவேட்டின் பகுதி ஆகியவற்றை ஒவ்வொரு ஜமாஅத்தும் திரட்டி வைத்தல் வேண்டும். வக்ஃபு வாரியமும் சட்டத்தால் அமைந்த அமைப்பாதலின் இச்சட்டத்திற்கு உட்பட்டதே. பத்திரப் பதிவு அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, பத்திர நகல் போன்றவற்றிற்குத் தனிக் கட்டண முறை இருப்பதால், அவற்றை அவ்வழியிலேயே பெறுவது விரைவானது. இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகளைப் பற்றிய தகவலுக்கு, சில தவிர மற்ற விலக்குகள் பொருந்தா என்ற 8(3) பிரிவு பழைய நில ஆவணங்களைத் தேடுவோருக்குப் பெருந்துணையாகும்.

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் நிலம் ஒன்றைப் பற்றி ஐயம் எழுந்தபோது, முன்னைய முத்தவல்லியின் தகரப் பெட்டியில் இருந்தவை கரையான் அரித்த சில தாள்களே. உரிய அலுவலகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தோம். அத்தகைய ஆவணம் இல்லை என்று இருபத்தெட்டாம் நாள் ஒரு வரி விடை வந்தது. பலர் அத்துடன் விட்டுவிடச் சொன்னார்கள். 'கோப்பு இல்லை' என்பது 8ஆம் பிரிவின் விலக்குகளுள் ஒன்றன்று. முன்பு இருந்திருக்க வேண்டிய ஆவணம் காணப்படாவிட்டால் முழுமையாகத் தேடி, பொறுப்பை வரையறுக்க வேண்டும் என்று 2013இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனைச் சுட்டி முதல் மேல்முறையீடு செய்தோம். இரண்டு மாதம் கழித்து மூன்று பக்க நகல் வந்தது. பக்கத்திற்கு 2 ரூபாய் வீதம் நாங்கள் செலுத்தியது 6 ரூபாய். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் தம் கடமையை ஒழுங்காகச் செய்து எழுதி வைத்ததனால், பள்ளிவாசலின் உரிமைக்குச் சான்று கிடைத்தது. அவர் பெயரோ மதமோ எங்களுக்குத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது என்ற வசனத்தின் பயனை அன்று நேரில் கண்டோம்.

நம்மிடம் கேட்கப்படும்போது

அந்த நகல் வந்த சில வாரங்களில் மஹல்லா இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அப்போது நான் நிர்வாகக் குழுவில் ஒருவனாக இருந்தேன். "ஹஜ்ரத், அரசாங்கத்திடம் நிலத்தின் கணக்கைக் கேட்டு வாங்கிவிட்டோம். அந்த நிலத்தின் குத்தகைக் கணக்கை நாங்கள் பார்க்கலாமா?" என்று பணிவாகவே கேட்டார். என் உள்ளத்தில் முதலில் எழுந்தது சினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர்களிடம் கணக்குக் கேட்பதா என்று தோன்றியது. எதற்காகக் கேட்கிறாய் என்ற வினாவும் நாவின் நுனி வரை வந்தது. அரசு அலுவலர் எங்களிடம் கேட்கக் கூடாது என்று நாங்கள் வாதிட்ட அதே வினா அது.

மறுநாள் வகுப்பிற்குச் சென்றபோது ஹிதாயாவின் அந்தப் பகுதி நினைவுக்கு வந்தது. சொந்தப் பணத்தில் ஏடு வாங்கிய காழியும் அதனைத் தமது என்று சொல்ல முடியாதென்றால், ஊதியம் பெறாதவன் என்பதனால் கணக்கேடு எனக்குச் சொந்தமாகிவிடுமா? குழுவில் பேசினோம், தயக்கமும் இருந்தது. முடிவில் மூன்றாண்டுக் குத்தகைக் கணக்கு பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஓராண்டுக் குத்தகை வசூலாகாமலேயே விடுபட்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. எவரும் திருடியிருக்கவில்லை, எவரும் பார்க்கவும் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் தம் கைபர் நிலத்தை வக்ஃபு செய்ததற்கு எழுதப்பட்ட ஆவணத்தின் வாசகம் அபூதாவூதில் பதிவாகி இன்றும் ஓதப்படுகிறது. யார் பொறுப்பாளர், யாருக்குப் பயன், பொறுப்பாளர் எவ்வளவு உண்ணலாம் என்பதெல்லாம் அதில் உள்ளன. எழுதியவரும் சாட்சியும் பெயருடன் குறிக்கப்பட்டுள்ளனர். வக்ஃபின் ஆவணம் எவரும் அறியத்தக்கதாக இருப்பது நம் மரபின் தொடக்கத்திலேயே அமைந்த பண்பாகும். முத்தவல்லிகள் ஆண்டுதோறும் கணக்கு அளிக்க வேண்டும் என்று வக்ஃபுச் சட்டம் கூறுவதும் இப்பண்பிற்கு இசைந்ததே.

அரசு அலுவலகத்தின் சாளரத்தில் நின்று நகல் கேட்பவரும், பள்ளிவாசல் முற்றத்தில் கணக்குக் கேட்பவரும் ஒரே உரிமையைத்தான் கோருகிறார்கள். முன்னவருக்காக வாதிடும் நாம் பின்னவரைக் கண்டு முகம் சுளித்தால், நம் வாதத்திற்கு வலு இராது. ஒவ்வொரு மஹல்லாவும் தன் ஆவணங்களின் நகல்களைத் திரட்டி, வகை பிரித்து, இரண்டு பிரதிகளாகப் பேணட்டும். ஆண்டுக்கொருமுறை வரவு செலவைப் பலகையில் ஒட்டட்டும். பொறுப்பு கைமாறும்போது அப்பைகள் முழுமையாக அடுத்தவரைச் சேரட்டும். நம் கையில் உள்ளவை அமானத்துகள். அவற்றை உரியவர்களிடம் சேர்க்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!